மலையை விழுங்கிய ஜாடி... தெரியுமா?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் மிச்சிகன் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே ஒரு மணல் மலை இருந்தது. பெயர் ஹூசியர் ஸ்லைடு. உயரம் ஏறத்தாழ 200 அடி! வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வந்து, காலில் மணல் சரியச் சரிய உச்சிவரை ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கு அங்கே போனால் மலை இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு மின்நிலையம் நிற்கிறது.

மலை எங்கே போனது தெரியுமா? ரயில் பெட்டிகளில் அள்ளிப் போட்டு, கண்ணாடி ஆலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள்! 1920-களுக்குள் முழு மலையும் காலி. அந்த மணல் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, அதே மாநிலத்தில் மன்சி நகரத்தில் இருந்த பால் சகோதரர்களின் ஆலை. அங்கே மலை உருகி ஜாடியாக வெளியே வந்தது. தோட்டத்துத் தக்காளியையும் பீச் பழத்தையும் பீன்ஸையும் வீட்டிலேயே அடைத்து, குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடும் ஜாடி. பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்கும் அந்த ஜாடிகளின் நீலப்பச்சை நிறம், மணலோடு கலந்து வந்த இரும்பின் கைவரிசை.

நமக்கு வெயில் இருக்கிறது. மோர்மிளகாயை, சுண்டைக்காயை, கொத்தவரங்காயை மொட்டைமாடியில் பரப்பினால் போதும், வற்றல் தயார். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் ஊரில் என்ன செய்வார்கள்? ஆகஸ்டில் தோட்டம் கொட்டோ கொட்டென்று கொட்டும். நவம்பரில் ஒரு பச்சை இலைகூட இருக்காது. இடையில் கிடைக்கும் சில வாரங்களில் மொத்த விளைச்சலையும் ஜாடிக்குள் அடைத்தாக வேண்டும். 'கேனிங்' என்று அவர்கள் சொல்லும் வேலை இதுதான். பெயரில்தான் கேன் இருக்கிறது, வீடுகளில் புழங்குவது கண்ணாடி ஜாடி. இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. அடுப்படிச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டுப் போகக்கூடிய இந்த ஒரு வேலைக்குள் எவ்வளவு அறிவியல், எவ்வளவு வரலாறு!

அந்த ஜாடிக்கு உயிர் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகரவேலைக்காரர். வயது 26! அதுவரை ஜாடியின் வாயில் தட்டை மூடியை வைத்து, சுற்றிலும் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள். மெழுகில் ஒரு விரிசல் விழுந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் பாழ். மேசன் கண்ணாடியிலேயே மரை வைத்தார். துத்தநாக மூடியைத் திருகினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை கிடைத்தது. உலகமே அவர் பெயரால் 'மேசன் ஜாடி' என்று சொல்ல ஆரம்பித்தது. ஆனால் 1879-ல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. ஊரெல்லாம் ஆலைகள் முளைத்தன. 1902-ல் மேசன் கையில் காசில்லாமல் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

இன்னொன்று. 'காப்புரிமை நவம்பர் 30, 1858' என்று பொறித்த ஜாடி பழைய கடையில் கிடைத்தால், அது 1858-ல் செய்தது என்று நம்பிவிடாதீர்கள்! காப்புரிமை முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ஆலைகள் அந்தத் தேதியை ஜாடியில் பொறித்துக்கொண்டே இருந்தன. அந்தத் தேதி இருந்தால்தான் அசல் என்று மக்கள் மனத்தில் பதிந்துபோயிருந்தது.

அப்படி முளைத்த ஆலைகளில் ஒன்றுதான் பால் சகோதரர்களுடையது. அண்ணன் தம்பி ஐந்து பேர். சித்தப்பாவிடம் 200 டாலர் கடன் வாங்கி நியூயார்க் மாநிலத்து பஃபலோவில் தொழில் தொடங்கினார்கள். 1884 வாக்கில் கண்ணாடி ஜாடிக்கு வந்தார்கள். பஃபலோ ஆலை எரிந்துபோனது. அந்த நேரத்தில் இண்டியானாவில் பூமிக்கடியில் இயற்கை எரிவாயு பீறிட்டது. கண்ணாடி உலைக்கு எரிபொருள் வேண்டுமே, மூட்டை கட்டிக்கொண்டு மன்சிக்குப் போய்விட்டார்கள். இன்று அந்த ஊரில் இருக்கும் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவர்கள் குடும்பப் பெயரைத் தாங்கியது. அதோடு நிற்கவில்லை! இதே பால் நிறுவனம் பின்னாளில் விண்வெளித் துறைக்குள் நுழைந்தது. ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் கோளாறைச் சரிசெய்ய 1993-ல் விண்வெளி வீரர்கள் பொருத்தினார்களே ஒரு கருவி, அதைச் செய்தது இவர்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தங்கமுலாம் பூசிய கண்ணாடி அமைப்பிலும் முக்கியப் பங்கு இவர்களுடையது. ஜாடித் தொழில் அதற்குள் வேறு கைக்கு மாறிவிட்டது. இருந்தாலும், தக்காளி அடைக்க ஜாடி ஊதிய கம்பெனி அண்டத்தின் ஆதி ஒளியைப் பிடிக்கும் கண்ணாடியில் கை வைத்திருக்கிறது என்றால் சும்மாவா!

சரி, அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்பதை முதலில் கண்டுபிடித்தது யார்? பிரான்ஸ் நாட்டு மிட்டாய்க்காரர் ஒருவர். நிக்கொலா அப்பேர். 1749-ல் பிறந்தவர். பாரிசில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். பிறகு பாரிசுக்குப் பக்கத்தில் மாஸி என்ற ஊரில் பட்டறை போட்டு, பட்டாணியும் பீன்ஸும் தானே பயிரிட்டார். பறித்த கையோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு, தக்கையால் இறுக்கி, கம்பி கட்டி, பாட்டிலைத் துணிப்பையில் சுற்றிக் கொதிநீரில் வைத்தார். கெடவில்லை! பிரெஞ்சுக் கடற்படை வாங்கிச் சோதித்துப் பார்த்தது. 1810-ல் அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது, முறையைப் புத்தகமாக எழுதி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவரும் ஒளிக்காமல் எழுதினார்.

நெப்போலியன் 1795-ல் பரிசு அறிவித்தார், அதற்காகத்தான் அப்பேர் முயன்றார் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1795-ல் நெப்போலியன் ஆட்சியிலேயே இல்லை! அவர் ஆட்சியைப் பிடித்தது 1799 நவம்பரில்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம், சாப்பாடு ஏன் கெடாமல் இருந்தது என்று அப்பேருக்கே தெரியாது. கிருமிகள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் உலகத்துக்கு நிரூபித்தது அதற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து. காரணம் தெரியாமலே காரியம் கைகூடிவிட்டது! போரில் படைகள் புகுந்து அப்பேரின் பட்டறையை நாசமாக்கின. 1841-ல் இறந்தபோது ஏழைகளைப் புதைக்கும் பொதுக்குழிதான் கிடைத்தது. மேசனுக்கும் அதே கதி, இவருக்கும் அதே கதி. சாப்பாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களை ஊர் இப்படிக் கைவிட்டிருக்க வேண்டாம்.

தகர டப்பாவில் உணவு அடைப்பதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதும் அதே 1810-ல்தான். ஆனால் டப்பாவைத் திறக்கும் கருவி வந்தது எப்போது தெரியுமா? 1850-களில்! நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உளியையும் சுத்தியலையும் வைத்துத்தான் திறந்தார்கள்.

ஒரு ஜாடி எப்படி மூடிக்கொள்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். இதில்தான் என் மனசு மிகவும் லயிக்கிறது.

சூடான ஜாடியில் சூடான தக்காளியைப் போடுகிறார்கள். வாய்வரை நிரப்புவதில்லை, மேலே அரை அங்குலம் காலி. ஓரமாக ஒரு மெல்லிய குச்சியை விட்டு நெருடினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் மேலே வருகின்றன. ஈரத்துணியால் விளிம்பைத் துடைக்கிறார்கள். ஒரே ஒரு தக்காளி விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. அடியில் ரப்பர்ப் பூச்சு உள்ள தட்டை மூடியை மேலே வைத்து, அதன்மேல் வளையத்தை விரல்நுனியால் மட்டும் திருகுகிறார்கள். பலங்கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது! ஏன்? கொதிநீரில் இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் ஓரம் வழியாக வெளியேற வேண்டும். வெளியே எடுத்துத் துணிமேல் வைத்து ஆறவிட்டால் உள்ளே இருப்பது சுருங்கும். வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் மூடியை அழுத்தும். மேடாக இருந்த மூடியின் நடுப்பகுதி சட்டென்று உள்வாங்கும். அப்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். சமையற்கட்டில் வரிசையாக ஆறும் ஜாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக டிங், டிங் என்று சொல்லும். பழகியவர்கள் பக்கத்து அறையில் இருந்தே எண்ணிக்கொள்வார்கள்.

மறுநாள் அந்தத் திருகு வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் அலமாரியில் வைக்கச் சொல்கிறார்கள்! மூடியைப் பிடித்திருப்பது வளையமே அல்ல, வெளிக்காற்று. உள்ளே ஏதாவது கெட்டு வாயு உண்டானால், வளையம் இல்லாத மூடி தானாகத் தூக்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஜெர்மனியில் வெக் ஜாடி என்று ஒன்று. 1900-ல் யோஹான் வெக் தொடங்கிய கம்பெனியின் ஜாடி. மூடியும் கண்ணாடி. நடுவில் ஆரஞ்சு நிற ரப்பர் வளையம், அதற்கு ஒரு சின்ன நாக்கு. மரையே கிடையாது! ஆறிய பிறகு பிடிக்கம்பிகளை எடுத்துவிட்டு, ஜாடியைக் கண்ணாடி மூடியைப் பிடித்தே தூக்கலாம். திறக்க வேண்டுமானால் அந்த ரப்பர் நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். புஸ்ஸென்று காற்று உள்ளே நுழையும், மூடி கையோடு வந்துவிடும்.

இனிதான் கதையின் வில்லன் வருகிறான்.

'கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் சாகும்' என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், இல்லையா? சாகாது! மண்ணில் எங்கும் இருக்கிற கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, ஆபத்து வந்தால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராக உறைந்துவிடும். 1922-ல் கலிஃபோர்னியாவில் எஸ்டி, மேயர் என்ற இரண்டு அறிஞர்கள் அந்த ஸ்போரைச் சூடாக்கிச் சூடாக்கிப் பார்த்தார்கள். அடைத்து விற்ற ஆலிவ் காய்களைத் தின்று 1919, 1920-ல் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆட்கள் இறந்துபோன பிறகு நடந்த ஆராய்ச்சி அது. முடிவைப் பாருங்கள். 100 டிகிரி செல்சியஸில் ஸ்போர்கள் 330 நிமிடம் வரை தாக்குப்பிடித்தன. ஐந்தரை மணி நேரம்! 110 டிகிரியில் 32 நிமிடம். 120 டிகிரியில்? வெறும் நான்கு நிமிடம்! இருபது டிகிரி ஏறினால் ஐந்தரை மணி நேரம் நான்கு நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

திறந்த பாத்திரத்துத் தண்ணீர் எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆவியை அடைத்து அழுத்தம் கொடுத்தால் தாண்டும். அதனால்தான் காய்கறி அடைக்கத் தனியாகப் பெரிய பிரஷர் பாத்திரம் வந்தது. 1917-லேயே அமெரிக்க வேளாண் துறை, புளிப்பில்லாத காய்களை இப்படித்தான் அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அழுத்தத்தில் சமைக்கலாம் என்று 1679-லேயே காட்டியவர் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர்.

'நம் வீட்டு குக்கரில் செய்யலாமே' என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறார்கள். சின்ன குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். கேனிங் கணக்கில் சூடேறும் நேரமும் ஆறும் நேரமும் சேர்த்தி. அந்த நேரம் குறைந்தால் ஜாடியின் நடுப்பகுதிக்கு வேண்டிய சூடு போய்ச் சேராது. பெரிய பாத்திரத்திலும், வெயிட்டைப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஆவியைச் சும்மா வெளியே விட வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால், முள் சரியான அழுத்தத்தைக் காட்டும், வெப்பம் மட்டும் குறைவாக இருக்கும்!

அந்த ஸ்போர் வயிற்றுக்குள் போவதில் பெரியவர்களுக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை. (ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தேன் தரக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதே ஸ்போருக்குப் பயந்துதான்.) ஜாடிக்குள் காற்றில்லாமல், புளிப்பில்லாமல், ஈரமாக ஓர் இடம் கிடைத்தால் அது முளைத்து நஞ்சு சுரக்கிறதே, அதுதான் ஆபத்து. மனிதனுக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியது அது. மணம் கிடையாது, ருசி கிடையாது, பார்வைக்கும் தெரியாது. 1895-ல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற சிற்றூரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்புக்கண்டமாக வைத்திருந்த பன்றிக்கறி சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் முதன்முதலாக இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். முகச் சுருக்கம் போக்க இன்று ஊசியில் ஏற்றுகிறார்களே போடாக்ஸ், அதுவும் இதே நஞ்சுதான், அணுவளவு!

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து லங்காஸ்டரில், தேவாலய விருந்து ஒன்றில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேர் படுத்துவிட்டார்கள். ஒருவர் இறந்தார். கிழங்கை வீட்டில் ஜாடியில் அடைத்தவர்கள் பிரஷரில் வைக்காமல் வெறும் கொதிநீரில் வைத்திருந்தார்கள்.

அப்படியானால் ஜாமையும் பழத்தையும் மட்டும் வெறும் கொதிநீரில் வைக்கிறார்களே? அதற்கு விடை ஒரே சொல்: புளிப்பு! இந்த முழு வித்தையின் உயிர்நாடி அதுதான். புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த ஸ்போரால் முளைக்கவே முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆப்பிள், பிளம்ஸ், அன்னாசி எல்லாம் 4.6 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம். பீன்ஸ், பட்டாணி, கேரட், பீட்ரூட், சோளம் எல்லாம் அந்தப் பக்கம்.

தக்காளி எந்தப் பக்கம் தெரியுமா? கோட்டின் மேலேயே! வகைக்கு வகை, பக்குவத்துக்குப் பக்குவம் மாறும். நன்றாகக் கனிந்த தக்காளி கோட்டைத் தாண்டிவிடும். அதனால் அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி கட்டாயம். அதுவும் பழத்தைப் பிழிந்து ஊற்றக் கூடாதாம், கடையில் பாட்டிலில் விற்கும் சாறுதான். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டில் சாற்றில் மாறாது.

பீச் பழத்திலும் ஒரு விந்தை. மஞ்சள் சதை உள்ளதைத் தாராளமாக அடைக்கலாம். வெள்ளைச் சதை உள்ளதை அடைக்கக் கூடாது! தித்திப்பாக இருக்கும், புளிப்பு போதாது. மஞ்சள் பூசணியைத் துண்டாக நறுக்கிப் பிரஷரில் அடைக்கலாம், மசித்து அடைக்கக் கூடாது! துண்டுகளுக்கு நடுவே சுடுநீர் சுழலும். மசியல் கெட்டியாக அப்பிக்கொண்டு, நடுவில் இருப்பதற்குச் சூடே எட்டாமல் போய்விடும்.

இங்கே நம் பூண்டு ஊறுகாயைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இதே நஞ்சு ஏறியது. காரணம், நறுக்கிய பூண்டை எண்ணெயில் போட்டு பாட்டிலில் வைத்திருந்தார்கள். புளிப்பு எதுவும் சேர்க்கவில்லை, குளிர்ச்சியிலும் வைக்கவில்லை. எண்ணெய் காற்றை அடைத்தது, கிருமிக்குக் கொண்டாட்டம். நம் வீட்டுப் பூண்டு ஊறுகாயிலோ புளிக்கரைசல் கொதிக்கும், அல்லது எலுமிச்சைச் சாறு ஊறும், கூடவே கையள்ளி உப்பு. எண்ணெய் மேலே மிதந்தால் போதும் என்று யாரும் விட்டதில்லை. உடம்புக்கு நல்லது என்று உப்பையும் புளியையும் குறைத்துப் புதிதாகப் பூண்டு ஊறுகாய் போடுகிறவர்கள், தயவுசெய்து அதை ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

பூண்டைப் பற்றி இன்னொன்று: வினிகரில் போட்ட வெள்ளைப் பூண்டு சில சமயம் நீலமாகவோ பச்சையாகவோ மாறிவிடும்! கெட்டுவிட்டது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் வேலை செய்வதால் வரும் நிறம்தான் அது, பயமில்லை. சீனாவில் லாபா பூண்டு என்று வேண்டுமென்றே பச்சையாக்கிப் பண்டிகைக்குச் சாப்பிடுகிறார்கள். வெள்ளைக் காலிஃபிளவரும் பேரிக்காயும் ஜாடிக்குள் ரோஜா நிறமாக மாறுவதுண்டு.

வெள்ளரி ஊறுகாய் மொறுமொறுவென்று இருக்க என்ன செய்ய வேண்டும்? பூ இருந்த நுனியை ஒரு மெல்லிய சீவல் சீவி எறிய வேண்டும், அவ்வளவுதான். அந்த நுனியில் உள்ள நொதிதான் முழுக்காயையும் கொழகொழவென்று ஆக்குகிறது. காம்புப் பக்கம் இருந்தால் பாதகமில்லை.

இந்த வேலையால் பெண்கள் கையில் பணம் வந்த கதை தெரியுமா? 1910-ல் தென் கரோலினா மாநிலத்தின் எய்க்கன் பகுதியில் மேரி சாமுவெல்லா குரோமர் என்ற பள்ளி ஆசிரியை 'தக்காளி சங்கம்' தொடங்கினார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் பத்து சென்ட் நிலம். தக்காளி பயிரிட வேண்டும், தானே டப்பாவில் அடைக்க வேண்டும், தானே விற்க வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும். சிறப்பாகச் செய்தவருக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை! பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு காசுகூடக் கையில் இல்லாத அந்தக் கிராமங்களில் தக்காளி விற்ற பணத்தில் பெண்கள் படித்தார்கள். இத்தகைய சங்கங்களிலிருந்துதான் இன்று அமெரிக்கா முழுக்க இருக்கும் 'ஃபோர்-எச்' இளைஞர் இயக்கம் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் இது நாட்டு வேலையாகவே ஆகிவிட்டது. 1943-ல் அமெரிக்காவில் வீட்டு முற்றம், பள்ளி மைதானம், காலிமனை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி 'வெற்றித் தோட்டங்கள்' என்பது அன்றைய மதிப்பீடு. அந்த ஆண்டு வீடுகளில் அடைத்த ஜாடிகளும் டப்பாக்களும் 400 கோடியைத் தாண்டின என்று கணக்கிட்டார்கள்! சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது, ஆனால் பழம் அடைக்கிறவர்களுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு. பிரஷர் பாத்திரம் செய்ய உலோகம் இல்லை, அதெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டது. ஒரே பாத்திரத்தைத் தெருவே பகிர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் கிராமத்து மாதர் சங்கங்கள் 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேல் பழத்தை வீணாகாமல் காப்பாற்றின. ரேஷனில் காய்ந்த ஊருக்கு அந்த ஜாம் எவ்வளவு பெரிய ஆறுதல்!

எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்? 1865 ஏப்ரல் 1 அன்று பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகு மிசௌரி ஆற்றில் மூழ்கியது. ஆறு திசை மாறியது. படகு வயலுக்கு அடியில் புதைந்து கிடந்தது. 1968-ல் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். உள்ளே பீச், சிப்பி, தக்காளி, தேன் எல்லாம் டப்பாவிலும் பாட்டிலிலும்! 1974-ல் ஆய்வகத்தில் திறந்து பார்த்தால், நிறமும் மணமும் போயிருந்தன, வைட்டமின் சி பெரும்பாலும் போயிருந்தது. கிருமி மட்டும் ஒன்றுகூட வளர்ந்திருக்கவில்லை. 109 ஆண்டுகள்! அதற்காக நம் வீட்டு ஜாடியைப் பேரன் காலம்வரை வைத்திருக்க வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் சாப்பிட்டால்தான் ருசி. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீச்சியடித்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

கடைசியாக நம் மலையூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்! சென்னையில் கொதிக்கும் தண்ணீரும் ஊட்டியில் கொதிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. அதனால் மலையில் ஜாடியைக் கொதிநீரில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும், பிரஷரில் வைத்தால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

ஜாம் காய்ச்சுவதிலும் இது விளையாடுகிறது. ஜாமை உறைய வைப்பது பழத்திலுள்ள பெக்டின்; 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ அதற்குப் பெயர் வைத்தார். பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால்தான் ஜாம் பிடிக்கும். நன்கு பழுத்ததில் பெக்டின் குறைந்துவிடுவதால் முக்கால் பங்கு பழமும் கால் பங்கு செங்காயும் போடச் சொல்கிறார்கள். இரண்டு மடங்கு செய்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று பெரிய அண்டாவில் காய்ச்சினால் பெரும்பாலும் உறையாது, சின்னச் சின்ன ஈடாகத்தான் காய்ச்ச வேண்டும். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலரை டிகிரி ஏறினால் பதம். கடற்கரை ஊரில் அது 104, 105 டிகிரி. புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கும் அதுதான். குன்னூரிலோ கொடைக்கானலிலோ அந்த 105-க்காகக் காத்திருந்தால் பிளம்ஸ் ஜாம் கல்லாகிவிடும்! முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வெப்பமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நாலரையைக் கூட்டுங்கள். ஊட்டியில் 97 வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம்.